தங்கபுஷ்பம் குழு

ஏழாம் நம்பர் அறையின் கடைசி பெஞ்சுவரை நடந்துவிட்டுத் திரும்பிய செல்வக்கனி டீச்சர், கை சும்மா இருக்கிறதே என்று மேசைமேல் மிச்சமாகக் கிடந்த வினாத்தாளை எடுத்துப் புரட்டியபோது, அதில் தன் அம்மாவின் பெயரைப் பார்த்தாள். பதினோராவது கேள்வி. உள்ளாட்சிக் கூட்டப் பதிவேட்டில் உறுப்பினரே நேரில் கையெழுத்திட வேண்டும் எனப் பரிந்துரைத்த குழு எது? அ, அசோக் மேத்தா குழு. ஆ, பல்வந்த்ராய் மேத்தா குழு. இ, தங்கபுஷ்பம் குழு. ஈ, சிங்வி குழு. முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. எழுத்துப் பிழை இல்லாமல் அடித்திருக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. ரேஷன் கார்டில் ஒருமுறை, வாக்காளர் அட்டையில் ஒருமுறை, கேஸ் புத்தகத்தில் ஒருமுறை என்று அரசாங்கம் இதுவரை அந்தப் பெயரை மூன்று விதமாகக் குதறியிருக்கிறது. மாவட்ட அரையாண்டு வினாத்தாளில் மட்டும் புஷ்பம் வாடாமல் இருந்தது. இதை யார் அடித்திருப்பார்கள்? ஆணா, பெண்ணா? இ-யில் வைக்கலாம் என்று எதை நினைத்து முடிவு செய்திருப்பார்கள்? அடிக்கும்போது ஒரு நொடி, யாருடா இந்த அம்மா என்று கையை நிறுத்தியிருப்பார்களா? பிறகுதான் உறைத்தது. அப்படி ஒரு குழு கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதை இட்டுக்கட்டியவள் ஏழாம் நம்பர் அறையில் மேற்பார்வைக்கு நின்றுகொண்டிருக்கிறாள்.

வழக்கமாகச் சமூக அறிவியல் தேர்வு நடக்கும் அறைக்குச் சமூக அறிவியல் டீச்சரைப் போடமாட்டார்கள். இரண்டு பேர் பயிற்சிக்குப் போய்விட்டார்கள், ஒருவர் மருத்துவ விடுப்பு, ஒன்பதாம் வகுப்புதானே, நீங்களே நில்லுங்க டீச்சர் என்று காலையில் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அவள் பாடம் எடுப்பது அடுத்த பிரிவுக்கு, இந்தப் பிள்ளைகளின் முகங்கள் வராந்தாவில் பார்த்துப் பழகியவை மட்டும்தான். நிற்கிறாள். வெளியே டிசம்பர் மழை விட்டும் விடாமல் தூறுகிறது, ஜன்னல் கம்பியில் துளிகள் வரிசையாகத் தொங்குகின்றன, முப்பத்தாறு பிள்ளைகள் குனிந்து எழுதுகிற சரசரப்பு ஒரே சீராகக் கேட்கிறது. இதே சரசரப்பைத்தான் ஆறு வருடமாக அவள் கணினித் திரையில் கேட்டுக்கொண்டிருக்கிறாள், சத்தம் இல்லாமல். கரும்பலகை ஓரம். அதுதான் அவளுடைய இணையதளத்தின் பெயர். வரலாறும் குடிமையியலும் மட்டும். பாடச் சுருக்கம், ஒரு மதிப்பெண் வினா, காலக்கோடு, வரைபடப் பயிற்சி, நாலு நிமிடக் காணொளி. காணொளியில் முகம் வராது, வெள்ளைத்தாளில் எழுதும் கை மட்டும் வரும். ஊர் வம்பு வேண்டாமே என்று தொடங்கியது, இப்போது முப்பதாயிரம் பிள்ளைகள் அவளை அட்மின் என்று கூப்பிடுகிறார்கள். அட்மின், நாளைக்கு எந்தப் பாடம் முக்கியம்? அட்மின், நீங்கள் ஆணா பெண்ணா? பள்ளியில் அவளை யாரும் இவ்வளவு கேட்டதில்லை. வகுப்பில் 'எதாவது சந்தேகம் இருக்கா?' என்று கேட்டால் மின்விசிறி மட்டும்தான் சத்தம் போடும், அதே பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெயர் மறைத்துக்கொண்டு நூறு கேட்பார்கள். ஏன் அப்படி? முகம் தெரியாவிட்டால்தான் வாய் வருமா? அவளுக்கும் அப்படித்தானே.

நல்லதாக ஒன்று செய்தால் நாலு பேர் சுருட்டத்தான் செய்வார்கள். ராத்தூக்கம் கெட்டு அவள் போட்ட குறிப்புகள் மறுநாளே வேறொரு சேனலில் வேறொருவர் படத்தோடு வரும். ஒருவன் அவள் கோடு போட்ட இடத்தில் அப்படியே கோடு போட்டு, அவள் தப்பாகப் போட்ட அடைப்புக்குறியையும் தப்பாகவே போட்டு, எங்கள் சொந்தத் தயாரிப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். அதைப் பார்த்த எரிச்சலில் செய்ததுதான் இது. திருடனைப் பிடிக்க ஒரு பொறி. புத்தகத்தில் எங்கும் இல்லாத ஒரு வரி, யார் எடுத்தாலும் கையும் களவுமாக மாட்டிக்கொள்ளும் ஒரு வரி. பிள்ளைகளுக்குக் கெடுதல் வராத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும், தேர்வுக்கு வராத இடமாக. உள்ளாட்சிப் பாடத்தில் குழுக்கள் வரிசையாக வரும் இடத்தில் கடைசியாக ஒன்று. என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தது அரை நிமிடம்கூட இருக்காது, விரல் தானாக அடித்தது. என்ன பரிந்துரை என்பதையும் விரல்தான் அடித்தது. உறுப்பினரே நேரில் கையெழுத்திட வேண்டும். அடித்துவிட்டுச் சிரித்தாள். பதினோரு நாளில் ஆறு தளங்களில் வந்தது. ஒரு மாதத்தில் ஒரு கைடில் அச்சாகிவிட்டது, அதில் யாரோ தாராளமாக ஒரு ஆண்டையும் சேர்த்திருந்தார்கள். காணொளி ஒன்றில் கட்டைக்குரலில் ஒருவர், 'மாணவச் செல்வங்களே, தங்கபுஷ்பம் அம்மையார் தலைமையிலே' என்று ஆரம்பித்தபோது அவள் வாயில் இருந்த காப்பி புரை ஏறிவிட்டது. அம்மையாராம். கோபம் போய், அடுத்து எங்கே வரும், இன்னும் என்னென்ன சேரும் என்று பார்க்கிற ஆசை வந்துவிட்டது. ஒரு பொய்க்குக் கை கால் முளைத்து அது ஊர் ஊராக நடப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? வரலாறு படித்தவளுக்கு இன்னும் அதிகம். எடுத்துவிடலாம், எடுத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். எடுக்கவில்லை. ஒரே ஒரு ஆள்தான் கேட்டது. மூணாம் பெஞ்சு என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த யாரோ. அட்மின், இந்தக் குழு புத்தகத்தில் எந்தப் பக்கம்? பதில் போடவில்லை. அட்மின், நூலகத்தில் தேடிவிட்டேன், இல்லை. பதில் போடவில்லை. அட்மின், அந்த அம்மா யார் என்று மட்டுமாவது சொல்லுங்கள். அன்றைக்கு ராத்திரி மூணாம் பெஞ்சைத் தடை செய்துவிட்டு, கேள்வி மூன்றையும் அழித்துவிட்டுப் படுத்தாள். அதை நினைக்கும்போது இப்போதும் காது சுடுகிறது.

அவள் மறுபடி நடந்தாள். முதல் வரிசையில் ஒரு பையன் விடைத்தாளில் மணிமணியாக எழுதியிருந்தான், பதினொன்று, இ, தங்கபுஷ்பம் குழு. பக்கத்துப் பெண், இ, தங்கபுஷ்பம் குழு. பின்னால், இ. அதற்குப் பின்னால், இ. அத்தனை பேரும் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள், பாவம், நம்பிப் படித்திருக்கிறார்கள். சாய்ந்த எழுத்து, குண்டு எழுத்து, எறும்பு ஊர்ந்த எழுத்து, ஒவ்வொரு கையிலும் அம்மாவின் பெயர். வெளியே சொன்னால் வெட்கம்தான், ஆனால் மனசுக்குள் குளுகுளு என்று இருந்தது. இந்த நேரத்தில் மாவட்டம் முழுக்க எத்தனை ஆயிரம் பேர் இந்தப் பெயரை எழுதிக்கொண்டிருப்பார்கள்! அம்மா வாழ்நாளில் தன் பெயரை எத்தனை தரம் எழுதியிருப்பாள்? தபால்காரரிடம், வங்கியில், மகளின் மதிப்பெண் பட்டியலில் இரண்டொரு தரம். தொண்ணூற்றாறில் பெண்களுக்கு என்று வார்டு ஒதுக்கினார்கள், அப்பா பொன்னுத்துரை அம்மாவை நிறுத்தினார், அம்மா ஜெயித்தாள். ஜெயித்த அன்றைக்கு மாலை விழுந்தது அப்பா கழுத்தில். அப்போது செல்வக்கனிக்குப் பதினோரு வயது. பெரியவர்கள் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயது அது, ஆனாலும் மாலை எப்படி இடம் மாறியது என்று அவளுக்கு விளங்கவில்லை. கூட்டத்துக்கு அப்பா போவார். கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்துப் பஞ்சாயத்து கிளார்க் நீல அட்டை போட்ட பெரிய பதிவேட்டை சைக்கிளில் கொண்டுவருவார். அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி, தங்கபுஷ்பம் என்று கையெழுத்துப் போடுவார். த-வைப் பெரிதாகச் சுழித்து, ம்-மின் புள்ளியை ஒரு குத்துக் குத்தி. பேருந்து பிடிக்கப் போகிற அவசரம் எதுவும் இல்லாமல், ரசித்துப் போடுவார்.

அந்த இடத்துக்கு வந்தால் நினைவு எப்போதும் ஒரே முள்ளில் மாட்டிக்கொள்ளும். ஒரு நாள் கிளார்க்குக்குக் காப்பி கொண்டுவந்த அம்மா, டம்ளரை வைத்துவிட்டு, பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, 'என் கையெழுத்து இம்புட்டு அழகாவா இருக்கு?' என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கிளார்க் சிரித்தார், அப்பாவும் சிரித்தார், அம்மா உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். இருபத்தொன்பது வருடமாக அந்தச் சிரிப்பைச் செல்வக்கனி திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். குத்தலா? உண்மையான வியப்பா? நிம்மதியா, நல்லவேளை இந்தத் தொல்லை எனக்கில்லை என்று? அழுகையா? கல்லூரியில் உள்ளாட்சி பற்றிக் கட்டுரை எழுதியபோது அழுகை என்று வைத்துக்கொண்டாள், கட்டுரைக்கு அது வசதியாக இருந்தது. கல்யாணமாகி இவள் சம்பளக் கணக்கைப் புருஷன் பார்த்துக்கொள்ளத் தொடங்கியபோது நிம்மதியாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. பொறி வைத்த அன்றைக்கு, அது கோபம்தான், கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அந்தக் கோபத்தை ஒரு குழுவாக்கி, அம்மாவை அதற்குத் தலைவியாக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். அம்மாவுக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் ஒரு பொய்யா? அம்மாவுக்கு இது தெரியாது. அறுபத்தெட்டு வயதில், நாலு தெரு தள்ளி, அப்பா போனபிறகு தனியாக, கீரை ஆய்ந்துகொண்டு, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு இருக்கிறாள். செல்வக்கனி வாரத்துக்கு இரண்டு தரம் போய்ப் பார்க்கிறாள்தான், போனால் மாத்திரை சாப்பிட்டாயா, மோட்டார் ஓடுகிறதா, இதுதான் பேச்சு.

பதினொன்றரை மணி அடித்தது. அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்த பெண்ணைக் கவனித்தாள். விடைத்தாளில் முத்துப்பேச்சி என்று பெயர். ரெட்டைச் சடை, ஒரு சடையின் ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடந்தது, அதைக்கூடக் கட்டவில்லை. மற்றவர்கள் நாலாம் பக்கம் ஐந்தாம் பக்கம் போய்விட்டார்கள், இவள் முதல் பக்கத்திலேயே இருந்தாள். பத்து வரை எழுதி, பதினொன்று என்று போட்டு, பக்கத்தில் வெறுமை. பேனா மூடியைக் கடித்தபடி அந்த வெறுமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னட்டி, ஒன்னும் எழுதாம இருக்க? படிக்கலையா?"

"படிச்சேன் டீச்சர். பதினோராவது கேள்வி தப்பு டீச்சர். புஸ்தகத்துல அப்படி ஒரு குழுவே இல்ல."

"தெரியலைன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போயேன்."

"தெரியாம இல்ல டீச்சர். தெரியும். இ-ன்னு எழுதணும்னு எல்லாருக்கும் தெரியும்." பேனாவைத் தாள்மேல் வைத்தாள். "கைடுல இருக்கு, கரும்பலகை ஓரத்துல இருக்கு. ஆனா அது யாருன்னு எங்கயுமே இல்ல. நான் லைப்ரரில மூணு நாள் தேடுனேன். பொய்யின்னு தெரிஞ்சிட்டு எப்படி டீச்சர் எழுத? எழுதலைன்னா மார்க் போயிரும். அதான் கையே ஓடல. நான் அட்மின்கிட்டயும் கேட்டேன் டீச்சர், மூணு தடவ. பிளாக் பண்ணிட்டாங்க."

மூணாம் பெஞ்சு. இந்தத் தம்மாத்துண்டு பெண்ணா? கணினியில் அந்தப் பெயரைப் பார்த்தபோது, யாரோ போட்டிச் சேனல்காரன், வம்பு இழுக்கிறான் என்றல்லவா நினைத்தாள். மீசை வைத்த ஒரு ஆளைக்கூட மனதில் வைத்திருந்தாள். ஆறு வருடத்தில் முப்பதாயிரம் பேரில் ஒரே ஒருத்திதான் பக்க எண் கேட்டாள். எந்த டீச்சரும் தவம் கிடந்து காத்திருக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளையிடம் வாயை மூடு என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். பேசாமல் போய் மேசையருகில் உட்கார்ந்துவிடலாம். ஒரு மதிப்பெண், நாளைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்? தளம் யாருடையது என்று இந்தப் பள்ளியில் ஈ காக்கைக்கும் தெரியாது. சொன்னால் தலைமையாசிரியை கூப்பிடுவார், மேலிடம் விளக்கம் கேட்கும், அனுமதி வாங்கினாயா என்பார்கள், ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் கைகொட்டிச் சிரிக்கும் படங்கள் வரிசையாக வரும், பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தவள் என்ற பெயர் ஓய்வு பெறும்வரை கூடவே வரும். பயமாகத்தான் இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. ஆனால் பயத்துக்கு நடுவிலும் அந்தப் பழைய அரிப்பு விடவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் இது என்ன ஆகும்? இந்த வினாத்தாளைப் பார்த்து அடுத்த வருடம் ஒரு வினாத்தாள், அதைப் பார்த்து ஒரு கைடு, பிறகு ஒருநாள் யாராவது ஆதாரம் என்று இதையே காட்டுவார்கள். அம்மா வரலாற்றில் ஏறிவிடுவாள். அப்பா போட்ட கையெழுத்தும் அப்படித்தான் ஏறியிருக்கிறது. அந்த நீலப் பதிவேடு இன்னும் எங்காவது அலமாரியில் இருக்கும், நாளைக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர் புரட்டிப் பார்த்து, தங்கபுஷ்பம் என்ற உறுப்பினர் ஐந்து வருடமும் தவறாமல் வந்திருக்கிறார், கையெழுத்தும் அழகு என்று எழுதிக்கொள்வார். அம்மா பேரில் அப்பா போட்ட பொய் ஒன்று. இப்போது மகள் போட்ட பொய் ஒன்று. இரண்டிலும் அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளுடையது பெரிய எழுத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மிஞ்சிய கூடுதல் தாள் ஒன்றை எடுத்தாள். பதினோராம் வினாவில் உள்ள குழு உண்மையில் இல்லாதது, கரும்பலகை ஓரம் என்ற இணையதளத்தை நடத்துவது நான், குறிப்புகளைத் திருடுபவர்களைப் பிடிப்பதற்காக அதை நானே கற்பனையாக எழுதி வைத்தேன், மாவட்டம் முழுவதும் அந்த வினாவை நீக்க உடனே தெரிவிக்க வேண்டும். நாலு வரிதான். கீழே பொ. செல்வக்கனி என்று கையெழுத்துப் போட்டாள். அழகாகவெல்லாம் வரவில்லை, க-வின் வால் கோணிக்கொண்டு போயிற்று. குடிநீர் வாளியோடு வராந்தாவில் வந்த லூர்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இத எச்செம் கையில குடுங்க. வேற யார் கையிலயும் குடுத்துராதீங்க."

"ஏன் டீச்சர், பேப்பர் பத்தலையா?" என்று மடித்த தாளைத் திருப்பிப் பார்த்த லூர்து அக்கா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியை அங்கேயே வைத்துவிட்டு வேகமாகப் போனாள்.

செல்வக்கனி கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பத்தாறு தலைகள் நிமிர்ந்தன. எல்லாருக்கும் சொல்லுதேன், பதினோராவது கேள்வி தப்பான கேள்வி, அப்படி ஒரு குழு கிடையாது, கரும்பலகை ஓரத்துல அதைப் பொய்யா எழுதிவச்ச அட்மின் நான்தான் என்று சொன்னாள். சொல்வதற்குப் பத்து நொடிதான் ஆயிற்று. எங்கோ ஒரு அளவுகோல் கீழே விழுந்தது. முன் வரிசைப் பையன், நீங்களா டீச்சர் என்று வாய் பிளந்தான், நாலைந்து பேர் கிசுகிசுத்தார்கள். பிறகு ஒருவன் பேனாவை எடுத்து, அளவுகோலை வைத்து, எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தான். பக்கத்துப் பெண் அடித்தாள். வரிசை வரிசையாக அந்தச் சத்தம் பின்னால் போயிற்று, தாளைக் கீறுகிற சத்தம். அவள் கண்ணெதிரே அம்மாவின் பெயரை முப்பத்தைந்து பேர் அடித்தார்கள். இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. சிலர் சும்மா ஒரு கோடு போட்டார்கள், ஒருவன் மூன்று கோடு போட்டுக் கறுப்பாக்கினான். மூன்றாவது வரிசை ஜன்னலோரம் மட்டும் அடிக்க ஒன்றும் இல்லாமல், கையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், அப்போ தங்கபுஷ்பம்னு ஒருத்தங்க கிடையவே கிடையாதா?"

"இருக்காங்க. எங்கம்மா. நான் உன்னவிடச் சின்னப் பிள்ளையா இருக்கும்போது வார்டு மெம்பரா இருந்தாங்க. கூட்டத்துக்குப் போனதில்ல. கையெழுத்து எங்கப்பா போடுவாரு."

பேச்சி அதை மனதுக்குள் ஒருதரம் எழுதிப் பார்ப்பது தெரிந்தது. கோபம் இருக்கும் என்று பார்த்தால், முகத்தில் அதைக் காணோம். பசி மாதிரி ஒன்றுதான் இருந்தது. "நானே கையெழுத்துப் போடணும்னு அவங்க சொன்னாங்களா டீச்சர்? இல்ல அதுவும் நீங்களா எழுதுனதா?"

செல்வக்கனி வாயைத் திறந்தாள். முதுகலை வரலாறு, பதினாறு வருடப் பணி, முப்பதாயிரம் பேருக்கு அட்மின். நாலு தெரு தள்ளி உயிரோடு உட்கார்ந்திருக்கிற ஆளிடம் ஒரே ஒரு கேள்வி, அதைக் கேட்க ஒருநாளும் தோன்றவில்லை. அழுகை, கோபம், நிம்மதி என்று மாற்றி மாற்றித் தானே விடை எழுதிக்கொண்டிருந்தாள்.

"தெரியலட்டி," என்றாள். "நான் கேட்டதே இல்ல."

வராந்தாவில் வேகமாக வரும் செருப்புச் சத்தம் கேட்டது, தலைமையாசிரியையாகத்தான் இருக்க வேண்டும். பேச்சி அவிழ்ந்த ரிப்பனைப் பின்னால் தள்ளிவிட்டு, பதினொன்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள், கீழே பன்னிரண்டு என்று எழுதினாள்.

"கேட்டுட்டு வந்து சொல்லுங்க டீச்சர்," என்றாள், தாளிலிருந்து தலையை எடுக்காமலே.